லாரிசாவின் ஒற்றைச் சுற்று

டோலினா, சஸ்காட்சுவான்
11 செப்டம்பர் 1994

அன்புள்ள நட்டால்கா,

நானும் மைரனும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி? நாள் முழுக்கப் பஸ் ஓட்டுகிறவள், எண்ணெய் தேய்க்கச் சோம்பல்படாதே.

லாரிசாவை உன் வீட்டில் விட்டுவிட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. திரும்பி வரும் வழி முழுக்க மைரன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எப்போதும் பேசாதவர்தான், ஆனால் அன்றைக்கு ரேடியோவையும் போடவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராக அறுவடை வண்டியில் ஏறிக்கொண்டார். பன்னிரண்டு வயதுப் பெண்ணை இவ்வளவு தூரத்தில் விடுவதில் அவருக்கு இஷ்டமில்லை. நான் என்ன செய்ய முடியும்? இங்கே அவளுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. வசந்தத்தில் மாகாணப் பனிச்சறுக்குப் போட்டியில் மூன்று சுற்றுத் தாவலை முடித்து முதலிடம் வாங்கிவந்தாளே, அன்றைக்கே இந்த ஊர் அவளுக்குப் போதாது என்று தெரிந்துவிட்டது. எட்மன்டனில் ரோடாவை விட்டால் வேறு கோச் கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

உனக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். நீ என்னைப்போலச் சறுக்குக் காலணி போட்டவள் இல்லை, அதனால் தெரியாது. இப்போது அவள் உடம்பு தக்கைபோல இருக்கிறது. இது இருக்கும்போதே மூன்று சுற்றுத் தாவல்கள் எல்லாவற்றையும் கைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். வளர்ந்த பிறகு வராது. ஜனவரிப் போட்டிக்கு இன்னும் ஒன்றாவது சேர்ந்திருக்க வேண்டும். எவ்வளவு உயரம் என்று மாதம் ஒருமுறை அளந்து எழுது.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அவள் பக்கத்திலேயே நிற்பாள், எதுவும் பேச முடியாது. அதனால் கடிதம் எழுது. ஊறுகாய் போட்ட பீட்ரூட் இரண்டு ஜாடி அனுப்பியிருக்கிறேன். ஒன்று உனக்கு.

உன் அக்கா,
ஹலீனா


எட்மன்டன்
2 அக்டோபர் 1994

அன்புள்ள அக்கா,

முழங்கால் தேவலை. நீயும் அத்தானும் நலம் என்று படித்ததில் நிம்மதி. கோதுமை நல்லபடியாக உள்ளே வந்துவிட்டதா?

உன் பெண் நன்றாகச் சாப்பிடுகிறாள். என்னைவிட அதிகமாகவே. காலையில் நான் எழுப்பவே வேண்டியதில்லை, அவள்தான் என்னை எழுப்புகிறாள். ஆறு மணிக்குப் பனித்தளத்தில் இறக்கிவிட்டு டிப்போவுக்குப் போகிறேன். என் பூனைக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. நான் சோறு போட்டு வளர்த்த பூனை, இப்போது அவள் மடியில் உட்கார்ந்துகொண்டு என்னை யாரோபோலப் பார்க்கிறது.

பள்ளிக்கூடமும் பரவாயில்லை. கணக்கு வாத்தியார் உக்ரேனியர், நம் பாட்டனார் ஊர்க்காரராம். கோச் அடிப்படைகளைக் கவனமாகச் சொல்லிக்கொடுக்கிறார். கண்டிப்பானவர், ஆனால் நல்ல மாதிரி. ஜனவரிக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறதே அக்கா.

உயரம் அளக்க நினைத்தேன், டேப் கிடைக்கவில்லை. அவள் பயிற்சி முடிந்து வந்ததும் உடனே வீட்டுக்குள் வராமல் மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். களைப்பாக இருக்கும்.

பீட்ரூட் தீர்ந்துவிட்டது. வெட்கமில்லாமல் இன்னும் கேட்கிறேன். உங்கள் இருவருக்கும் என் அன்பு.

நட்டால்கா


டோலினா
30 அக்டோபர் 1994

அன்புள்ள நட்டால்கா,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. சளி தவிர வேறு தொந்தரவு இல்லை. நீ நலமாக இருப்பாய் என்று உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பூனையைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறாய்.

மூன்று பக்கத்தையும் இரண்டு தரம் படித்தேன். தாவல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உயரமும் இல்லை. டேப் இல்லாத வீடு எங்கேயாவது உண்டா? சின்ன வயதில் ஜாம் ஜாடியை உடைத்துவிட்டுக் கோழிக்குஞ்சுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பாயே, அதே குரல் இந்தக் கடிதத்தில் கேட்கிறது.

அவளிடம் கேட்டால் "எல்லாம் நல்லாப் போகுதும்மா" என்கிறாள். அதற்குமேல் வாயைத் திறப்பதில்லை. அங்கே என்ன நடக்கிறது? நேராக எழுது.

ஹலீனா


எட்மன்டன்
13 நவம்பர் 1994

அன்புள்ள அக்கா,

சளி தீர்ந்ததா? நாங்கள் நலம்தான். நலமில்லாதது எதுவும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லாரிசா மூன்று சுற்றுத் தாவலைத் தொட்டே இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு சுற்றும் இல்லை. முதல் வாரமே ரோடா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். ஒற்றைச் சுற்று மட்டும். அதையும் கையை மார்பில் கட்டிக்கொண்டு செய்யச் சொல்கிறார். பாதி நேரம் காலணியைக் கழற்றிவிட்டு, தரையில் வெறுங்காலில் எகிறி, ஒற்றைக்காலில் இறங்கி அப்படியே நிற்க வேண்டும். பக்கத்தில் எட்டு வயதுக் குழந்தைகள் அதையே செய்துகொண்டிருக்கின்றன. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதனால்தான் பூனையைப் பற்றி எழுதினேன்.

உன் சார்பில் நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். ஒருநாள் சீருடையோடு போய் நின்று, ஜெயித்துவந்த பெண்ணைச் சின்னக் குழந்தைகளோடு விட்டிருக்கிறீர்களே என்று கேட்டேன். ரோடா நிதானமாகத் தேநீரைக் குடித்து முடித்தார்.

"உங்க அக்கா பொண்ணுக்கு மூணு சுத்து வராதுங்க" என்றார்.

"வந்துதானே ஜெயிச்சா."

"காத்துல சுத்தினது ரெண்டு, ரெண்டேகால் இருக்கும். மிச்சத்தை எகிறறதுக்கு முன்னாடி பனியிலேயே திருகி முடிச்சுடறா. இப்ப அவ தக்கை மாதிரி இருக்கா, முறுக்கி விட்டா பம்பரமாச் சுத்துவா. நாளைக்கு வளர்ந்து எடை கூடினா அந்த முறுக்கெல்லாம் எங்க போகும்? இடுப்புக்குத்தான் போகும்."

பிறகு லட்ஸ் என்ற தாவலைக் காட்டினார். உனக்குத் தெரிந்ததுதான், எனக்கு இப்போதுதான் புரிந்தது. பின்பக்கமாக வளைந்து போகும்போது இடது காலணிக்கு அடியில் இருக்கும் கத்தியின் வெளி விளிம்பில் சாய்ந்திருக்க வேண்டுமாம். எகிறப்போகும் நேரத்தில் நம் பெண்ணின் கால் பயந்துபோய் உள் விளிம்புக்குச் சாய்ந்துவிடுகிறது. பார்க்கிறவர்களுக்குத் தாவல்தான். ஆனால் அது வேறு தாவல். "பொய்க் கையெழுத்து மாதிரி" என்றார் ரோடா.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். ஒரு வருஷம், கூடவும் ஆகலாம் என்றார். ஜனவரி என்று ஆரம்பித்தேன். அவர் சொன்னது இதுதான்: "பதிமூணு வயசுல கோப்பை வாங்கினவங்க நிறைய பேர் இப்ப அவங்க பிள்ளைகளை எங்கிட்டக் கூட்டிட்டு வர்றாங்க. குனிஞ்சு அந்தப் பிள்ளைக்குக் காலணிக் கயிறு கட்ட முடியல அவங்களால."

நான் டிப்போவுக்குப் போனேன்.

கோபப்படுவாய். படு. ஆனால் அவளிடம் காட்டாதே.

நட்டால்கா


டோலினா
20 நவம்பர் 1994

நட்டால்கா,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஒற்றைச் சுற்று அவள் ஏழு வயதில் போட்டது. அதைக் கற்றுக்கொள்ள நான் பெண்ணை ஊர் விட்டு ஊர் அனுப்பவில்லை. ஒரு வருஷமாம். அந்த ஒரு வருஷத்தில் அவள் உடம்பு என்ன ஆகும் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாதா, இல்லை தெரிந்தே பேசுகிறாளா? உனக்குச் சொன்னால் புரியாது. நான் சறுக்கும்போது நீ ஓரத்தில் உட்கார்ந்து சூடான சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தவள்.

ஜனவரிப் போட்டிக்கு அவள் இரண்டு சுற்றுத் தாவல்களோடாவது போக வேண்டும். கோச்சிடம் சொல்லிவிடு. ஜனவரி ஏழாம் தேதி நம் உக்ரேனியக் கிறிஸ்துமஸுக்கு லாரிசாவை இங்கே பஸ் ஏற்றிவிடு. திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று அப்போது முடிவு செய்கிறேன்.

ஹலீனா


எட்மன்டன்
22 ஜனவரி 1995

அன்புள்ள அக்கா,

உங்கள் இருவரின் உடல்நிலையும் நன்றாக இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு நீ கொடுத்தனுப்பிய தேன்கோதுமையும் முட்டைக்கோஸ் சுருட்டலும் பத்திரமாக வந்தன. உன் நவம்பர்க் கடிதத்துக்குப் பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். பெண்ணை நீ திருப்பி அனுப்பியதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் திரும்பி வந்த பெண் போன பெண் இல்லை. உட்கார்ந்து எழும்போது மேசையைப் பிடித்துக்கொள்கிறாள். காலணிக் கயிறு கட்டக் காலைப் பெஞ்சுமேல் தூக்கி வைக்கிறாள். பஸ்ஸில் உட்கார்ந்துவந்த களைப்பு என்றாள். இரண்டு வாரமாகவா பஸ் களைப்பு இருக்கும்? நாலு நாளுக்கு முன்னால் தளத்தில் ஒரு சாதாரணத் தாவலில் இறங்கியவள், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாளாம். ரோடா அந்த நிமிஷமே காலணியைக் கழற்ற வைத்துவிட்டார். இனிமேல் டாக்டர் பார்க்காமல் தளத்தில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். போட்டி போயிற்று. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை, நீயும் இப்போது படாதே.

கீழ் முதுகு எலும்பில் விரிசல் இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். ஸ்கேன் எடுக்க அடுத்த மாதம்தான் இடம் கிடைத்திருக்கிறது. விரிசல் இருந்தால் மறுபடி தாவுவது கஷ்டம் என்றார். லாரிசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸில் அங்கே என்ன நடந்தது அக்கா? அவளைக் கேட்டால் "ஒண்ணுமில்ல சித்தி" என்கிறாள். நீ சொல்.

நட்டால்கா


டோலினா
5 பிப்ரவரி 1995

நட்டால்காவுக்கு,

நலமா. நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை ஹலீனா படித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். அது மேசையிலேயே கிடக்கிறது. அவள் பதில் எழுத மாட்டாள் என்று தெரிந்தது, அதனால் நான் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஊர்த் தளத்துக்குப் போனோம். பாதி ஊர் அங்கே இருந்தது. எல்லாரும் லாரிசாவைச் சூழ்ந்துகொண்டார்கள், அந்த மூன்று சுற்றைக் காட்டு என்று. கோச் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றாள் அவள். ஹலீனா, "ஒரு தரம் பண்ணு கண்ணு, எல்லாரும் வந்திருக்காங்க பாரு" என்றாள். பெண் செய்தாள். விழுந்தாள். எழுந்து மறுபடி செய்தாள், மறுபடி விழுந்தாள். நாலு மாதத்தில் அவள் கால் நீண்டுவிட்டது, நட்டால்கா. எனக்குத் தாவல் ஒன்றும் தெரியாது, ஆனால் கன்றுக்குட்டி எப்போது தன் கால் பழகாமல் தடுமாறும் என்று தெரியும். ஹலீனா "இன்னும் ஒரு தரம்" என்றாள். அதற்குப் பிறகும் சொன்னாள். கடைசியில் ஒன்று நின்றது. ஜனங்கள் கை தட்டினார்கள். லாரிசா சிரித்துக்கொண்டேதான் தடுப்பு வரைக்கும் வந்தாள். வீட்டுக்கு வரும்போது வண்டியில் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வந்தாள்.

நான் "போதும்" என்று சொன்னேன். ஆனால் யாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லவில்லை.

ஹலீனாவை ஒன்றும் சொல்லாதே. அவள் கொடுமைக்காரி இல்லை. இரண்டு வாரமாகச் சாப்பாட்டில் கை வைக்கிறாள், எடுத்துவிடுகிறாள்.

லாரிசா வீட்டுக்கு வர வேண்டும் என்றால் வரட்டும். அங்கேயே இருக்க வேண்டும் என்றால் இருக்கட்டும். அவளை இதுவரை நாங்கள் யாரும் கேட்கவில்லை. நீ கேட்டுச் சொல்.

மைரன்


எட்மன்டன்
19 பிப்ரவரி 1995

அன்புள்ள அக்கா, அத்தான்,

உட்கார்ந்து படியுங்கள். நல்ல செய்திதான்.

எலும்பில் விரிசல் இல்லை. விரிசல் விடப்போன இடத்தைப் படத்தில் டாக்டர் காட்டினார், கீழ் முதுகில் இடது பக்கம் கறுப்பாக ஒரு புள்ளி. அந்த இடம் திணறிக்கொண்டிருக்கிறதாம், ஆனால் உடையவில்லை. "இன்னும் ரெண்டு மாசம் இப்படியே தாவியிருந்தா இந்தப் பேச்சே வேற மாதிரி இருந்திருக்கும்" என்றார். வசந்தம் வரைக்கும் தாவக் கூடாது, முதுகை வளைக்கக் கூடாது, வயிற்றுக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லாததுபோலத் தாவலாம். ஒன்றும் இல்லாததுபோல என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நான்தான் அழுதேன். லாரிசா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, பசிக்குது" என்றாள். பக்கத்துக் கடையில் பெரோகிக் கொழுக்கட்டை வாங்கிக்கொடுத்தேன். என் பங்கையும் அவளே தின்றாள்.

அத்தான், நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "இங்கயே இருக்கேன்" என்றாள். "ஒத்தைச் சுத்துதானே?" என்றேன். "சித்தி, லட்ஸ் வெளி விளிம்புல நிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நாலு நாள் நின்னுச்சு. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது" என்றாள். இந்த வீட்டில் எல்லோரும் எனக்கு ஒன்றும் தெரியாது என்றே சொல்கிறீர்கள்.

இது அக்காவுக்கு மட்டும். நீ சறுக்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் சாக்லேட் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது உண்மைதான், ஆனால் கண் உன்மேல்தான் இருக்கும். உனக்குப் பதினைந்து வயதான கோடையில் உன் பாவாடைகள் எல்லாம் முழங்காலுக்கு ஏறிவிட்டன. அந்தக் குளிர்காலத்தில் நீ தினமும் விழுந்துவிட்டு வந்தாய். பிறகு ஒருநாள் போகவில்லை. வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்குப் பத்து வயது, உனக்கு அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இப்போதுதான், லாரிசாவின் உயரத்தை நீ ஏன் மாதாமாதம் கேட்டாய் என்று யோசிக்கிறேன்.

நீ பதில் சொல்ல வேண்டாம். சாப்பிடு.

நட்டால்கா


டோலினா
26 மார்ச் 1995

அன்புள்ள நட்டால்கா,

எல்லோரும் சுகம். பனி உருகி முற்றமெல்லாம் சேறு. கோழிகள் முட்டையிட ஆரம்பித்துவிட்டன. மைரன் விதைப்பு வண்டியைப் பிரித்துப்போட்டுவிட்டு மறுபடி பூட்டத் தெரியாமல் நிற்கிறார்.

உன் கடிதம் வந்தது. அந்த முதல் வரியை மைரன் எனக்குப் படித்துக் காட்டினார், நான் படிக்கவில்லை. மீதியை நானே படித்தேன்.

ஈஸ்டர் முடிந்ததும் நான் பஸ்ஸில் வருகிறேன். லாரிசாவிடம் சொல்லாதே. இரண்டு நாள் இருப்பேன். பீட்ரூட் கொண்டுவருகிறேன்.

ஹலீனா


டோலினா
7 மே 1995

அன்புள்ள நட்டால்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, படியேறும்போது முகம் சுளிப்பதைப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் காலையில் நீ என்னைத் தளத்து வாசலில் இறக்கிவிட்டு டிப்போவுக்குப் போய்விட்டாய். ராத்திரி கேட்டபோது "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன். அப்போது பேச வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உள்ளே போனதும் தளத்தில் அவளைத் தேடினேன். சின்னப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். உயரமாக ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனாள். அவளைத் தாண்டி லாரிசாவைத் தேடினேன். முதல் நாள் உன் வீட்டுச் சமையலறையில் அவள் ஸ்வெட்டருக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தபோது உயரம் தெரியவில்லை. அந்தப் பெரிய பெண் திரும்பியபோதுதான் முகம் தெரிந்தது. தோள், இடுப்பு, நீளக் கால், எல்லாம் என் பதினைந்து வயது உடம்பு. போச்சு என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

அவள் நீண்ட வளைவில் பின்பக்கமாக வந்தாள். லட்ஸ் என்று தெரிந்தது. ரோடா தளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தடுப்பில் சாய்ந்து நின்றாள். அவள் பார்ப்பதில்லை, கேட்கிறாள். திருகி எகிறினால் பனியில் கரகரவென்று இழுபடும் சத்தம் வரும். ஒழுங்காக எகிறினால் ஒரே ஒரு தட்டு. நான் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளி விளிம்பு. கடைசி வரைக்கும் வெளி விளிம்பு. ஒரே ஒரு தட்டு கேட்டது. லாரிசா மேலே போனாள். ஒரே ஒரு சுற்றுதான், ஆனால் காற்றில் இன்னும் ஒரு சுற்றுக்கு இடம் மிச்சமிருந்தது. ஏதோ மாடியிலிருந்து இறங்குகிறவள்போல நிதானமாக இறங்கி, கையை விரித்து அப்படியே போய்க்கொண்டே இருந்தாள். இவ்வளவு உயரம் அவள் தக்கையாக இருந்தபோது ஒருநாளும் போனதில்லை.

உன்னிடம் மறைக்கவில்லை, கையுறையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ரோடா என் பக்கம் வந்தாள். "நீங்களும் தாவினவங்கதானே?" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. அவ எகிறும்போது உங்க தோள் எகிறுது."

அப்புறம் காப்பி வாங்கிக்கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உன்னிடம் இத்தனை வருஷம் சொல்லாததை ஓர் அன்னியப் பெண்ணிடம் ஒரு குவளைக் காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன். உனக்கு நேரில் சொல்கிறேன், எழுத வராது. அவள் கேட்டுவிட்டு ஒன்று சொன்னாள். அதை மட்டும் எழுதுகிறேன். "உங்களுக்கு மனசு விட்டுப்போகல. உடம்பு புதுசாச்சு. தாவல் மட்டும் பழைய உடம்போடது. புது உடம்புக்குச் சொல்லித்தர அங்க ஆள் இல்ல, அவ்வளவுதான்."

நான்தான் கைவிட்டுவிட்டேன் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன், நட்டால்கா. துணிவில்லாதவள் என்று. அவ்வளவுதான் என்று அவள் சொன்னாள்.

லாரிசா தடுப்பு ஓரம் வந்து நின்றாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவா பயப்படவா என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஒண்ணுதாம்மா சுத்தினேன்" என்றாள்.

"பாத்தேன். முதுகு வலிக்குதா?"

"இல்லம்மா."

"நெசமாவா?"

"நெசமாத்தான். வலிச்சா ரோடாகிட்டச் சொல்லிடுவேன். உங்கிட்டயும் சொல்றேன்."

என் வாயில் இன்னும் ஒரு தரம் என்று வந்துவிட்டது. கடித்து விழுங்கிவிட்டேன். அதற்குள் அவளே, "இரு, இன்னொண்ணு பண்றேன் பாரு" என்று போய்விட்டாள். அது சரியாக வரவில்லை, உட்கார்ந்த மாதிரி விழுந்தாள். ரோடா பார்க்காமலே சிரித்தாள். லாரிசாவும் பனியில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இங்கே வந்ததும் மைரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நல்லது" என்றார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது ரேடியோவைப் போட்டார்.

உன் கைகளுக்கு என் முத்தம். அவளுக்கு ஒன்பது மாதம் நீதான் அம்மாவாக இருந்தாய்.

ஹலீனா


எட்மன்டன்
19 நவம்பர் 1995

அன்புள்ள அம்மா, அப்பா,

நான் சுகமாக இருக்கிறேன். சித்தியும் சுகம், பூனைக்குத்தான் சித்தியோடு சண்டை. அப்பா கை விரலில் வெட்டிக்கொண்டதாக ஃபோனில் சொன்னீர்களே, ஆறிவிட்டதா? கடிதமாக எழுதினால்தான் உங்களிடம் முழுசாகச் சொல்ல வருகிறது. ஃபோனில் எனக்கு "நல்லாப் போகுது" தவிர வேறு எதுவும் வருவதில்லை.

நேற்றுப் போட்டி. பதினொன்றாவது வந்தேன். அம்மா, கவலைப்படாதே, மேலே படி.

முதல் இடத்துக்கு வந்தது ஜனீன், போன வருஷம் மாகாணப் போட்டியில் பார்த்தாயே, என்னிடம் தோற்றுவிட்டு அழுதாளே, அவள்தான். அவள் மூன்று சுற்றுத் தாவல் இரண்டு போட்டாள். நான் ஒன்றும் போடவில்லை. ரோடா என் நிகழ்ச்சியில் மூன்று சுற்று எதுவும் வைக்கவில்லை. இரண்டு சுற்று லட்ஸ் மட்டும் வேண்டுமானால் முயன்று பார், கால் சாய்வதுபோல இருந்தால் ஒற்றையாகப் போட்டுவிடு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார்.

இசை ஆரம்பித்தது. முதல் தாவலில் கையை ஊன்றிவிட்டேன். அப்புறம் லட்ஸுக்காக வளைந்து போனேன். அந்த வளைவு ரொம்ப நீளம் அம்மா, உனக்குத் தெரியும். போகப்போகப் பயம் வரும், கால் உள்ளே சாயப் பார்க்கும். நேற்றும் பார்த்தது. நான் விடவில்லை. எகிறினேன். மேலே இருக்கும்போதே இது இரண்டு சுற்று என்று தெரிந்தது. இறங்கினேன். அவ்வளவுதான். கூட்டத்தில் யாரும் பெரிதாகக் கை தட்டவில்லை. அவர்களுக்கு அது சாதாரண இரண்டு சுற்று. சித்தி மட்டும் எழுந்து நின்று கத்தினாளாம். அவளுக்கு எந்தத் தாவல் எது என்று இன்னும் தெரியாது, ரோடாவின் முகத்தைப் பார்த்துக் கத்தினேன் என்றாள்.

மதிப்பெண் வந்தபோது எனக்கு அழுகை வரும் என்று நினைத்து ரோடா கைக்குட்டையை எடுத்துவைத்திருந்தார். அழுகை வரவில்லை. ஜனீனிடம் போய் வாழ்த்துச் சொன்னேன். அவள் இடுப்பில் ஐஸ் கட்டிவைத்திருந்தாள். எனக்கு என்னவோ போல இருந்தது. உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்ல நினைத்தேன், சொன்னால் பொறாமை என்று நினைப்பாளோ என்று சொல்லவில்லை. ரோடாவிடம் சொன்னேன். அவர் ஜனீனின் கோச்சிடம் பேசுகிறேன் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் ரோடா வண்டி ஓட்டிக்கொண்டே, "அடுத்த வருஷம் உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். மூன்று சுற்று லட்ஸ் என்று சொல்வேன் என்று சித்தி நினைத்தாளாம். எனக்கும் முதலில் அதுதான் வாயில் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன்.

"அதுக்கடுத்த வருஷமும் தாவணும்" என்றேன்.

சிக்னலில் வண்டி நின்றபோது ரோடா என் தலையில் கையை வைத்து முடியைக் கலைத்துவிட்டார்.

காலையில் முதுகு வலிக்கிறதா என்று எழுந்ததும் பார்த்தேன். வலிக்கவில்லை. பசித்தது.

உங்கள் இருவரையும் கட்டிக்கொண்டு,
லாரிசா